மெருகுக்கு எடுத்துக்கொண்ட ஐந்து வாரம்

மச்சான்,

பத்து நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, லேபில் என் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஐந்து மாதமாகத் திறக்காமல் வைத்திருந்தது. உங்கள் பச்சைக்கரைத் துண்டு, கடைசியாக நான் முடிந்து வைத்தபடியே கிடந்தது. முடிச்சை அவிழ்த்ததும் மெருகுக்கட்டியின் மெழுகு வாசம் வந்தது. அந்த வாசத்தில்தான் இருபத்திரண்டு வருசமாகச் சோறு தின்கிறேன். தேனியில் எத்தனையோ பேரின் பல்செட் அந்தக் கட்டியில் பளபளத்துத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் புதன்கிழமை கை அப்படியே நின்றுவிட்டது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ஒரு டாக்டரிடமிருந்து போன் வந்தது, எடுத்துப் பேசினேன்.

துண்டுக்குள் உங்கள் துப்பாக்கியின் பூட்டு இருந்தது. தோட்டாவைத் தட்டுகிற குதிரை, விசைக்குப் பின்னால் இருக்கிற கொக்கி, இரண்டு சின்ன இரும்புத் துண்டு, ஒரு ஸ்பிரிங். எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள் பூட்டு என்றுதான் சொல்வீர்கள். அது என்னிடம் இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் போன பிறகு எனக்கு மட்டும். ஊரோ, "அம்புட்டு சாக்கிரதையான மனுசன், காட்டுமாடு வந்த அன்னைக்குப் பாத்து துப்பாக்கிய எடுக்க மறந்துட்டாரே" என்று பேசியது. உங்கள் வீட்டம்மா, எனக்கு அக்கா, உங்கள் படத்துக்கு நேரே நின்று திட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இழுப்பறையைத் திறக்க வைத்ததும் அக்காவின் போன்தான். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள். "தம்பி, ஒரு எட்டு வந்து அதத் தொடச்சுக் குடுத்துட்டுப் போங்க. தூசியும் தும்புமாக் குடுத்தா அவுகளுக்கு என்ன மரியாதை?" என்றார்கள். சரிக்கா என்றேன். மனசில் உடனே ஒரு கணக்கு ஓடியது. துடைக்கிறேன் என்று வாங்கி, பத்து நிமிசத்தில் பூட்டை உள்ளே மாட்டிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நீங்கள் மறக்கிற ஆளா மச்சான்? வத்தலக்குண்டு பஸ் ஏறிய பிறகு மோட்டார் சுவிட்சை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் இறங்கி நடந்தே திரும்பிய ஆள். தோட்டாக்களைத் தகர டப்பாவில் போட்டு சாமி ரூமில் வைப்பீர்கள், துப்பாக்கியைப் பீரோவில் வைப்பீர்கள், பீரோ சாவியை அரைஞாணில் கட்டியிருப்பீர்கள். லேபுக்குக் கொண்டுவரும்போது துப்பாக்கியை மடக்கிக் குழாய் வழியாக என்னை வெளிச்சம் பார்க்கச் சொல்வீர்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை. "நீங்களும் பாருங்க மாப்ளே. ரெண்டு பேரு கண்ணு பாத்தாத்தான் அது காலி." பல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி நானும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பேன்.

பதினைந்து வருசமாக நமக்குள் நடந்த ஏற்பாடு அது. எலக்சன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாரும் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்து, எல்லாம் அடங்கிய பிறகு திரும்ப வரும். மாதக்கணக்கில் அசையாமல் உறைக்குள்ளேயே கிடந்த இரும்பு என்ன ஆகும்? உள்ளே துரு பூத்து, விசை மணலில் இழுக்கிற மாதிரி கரகரக்கும். முதல் தடவை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது, "மதுரையில லைசென்ஸ் கடை இருக்கு மச்சான், அங்கனதான் குடுக்கணும். நான் தொட்டா கேசு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "மதுரையில குடுத்தா ஒரு மாசம் ஆக்கிப்புடுவான். அதுக்குள்ள தோப்பு காலி. நீங்க பல்லு டாக்டருக்கே பல்லு செஞ்சு குடுக்கிற டாக்டரு. உங்களுக்கு இது எம்மாத்திரம்?"

புகழ்ச்சிக்கு மயங்காத மாப்பிள்ளை உண்டா? துருவை எடுத்து, மெருகுபோடுகிற பஞ்சுச் சக்கரத்தில் மெதுவாகப் பிடித்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் காலித் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி விசையை இழுத்தீர்கள். எதையோ காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது உங்கள் முகம். "ம். இப்பப் பேசுது" என்றீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு எலக்சனுக்கும் எனக்கு அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது. டாக்டர்கள் யாரும் என் வேலையைக் கண்ணை மூடி ரசித்ததில்லை.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் வேட்டை என்று நினைப்பார்கள். நீங்கள் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. மலையடிவாரத் தோப்பு, விடியக்காலையில் காட்டுமாடு இறங்கித் தொட்டித் தண்ணிக்கு வரும். நீங்கள் மோட்டார் ரூம் வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான். அதுகள் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிடும். உங்களுக்கும் அதுகளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு தென்னை வரிசை தூரம் இருக்கும்.

இந்தத் தடவை துப்பாக்கி ஆனி மாதம் திரும்பி வந்தது. முன்னைக்கு இப்போது துரு அதிகம். முழுத் துப்பாக்கியையும் பஸ்ஸில் தூக்கி அலைய வேண்டாம் என்று பூட்டை மட்டும் கழற்றித் துண்டில் முடிந்து கொண்டுவந்தீர்கள். "அது அங்கன பொக்கவாய்க் கெழவனாட்டம் பீரோவுல கெடக்கு. சீக்கிரம் பல்ல மாட்டி விடுங்க மாப்ளே." லேபில் வேறு ஆள் இல்லாத நேரம், இரண்டு பேரும் சிரித்தோம். நீங்களும் டீ குடித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனீர்கள்.

நான்காம் நாளே வேலை முடிந்துவிட்டது மச்சான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் உள்ளங்கையில் வைத்து அசைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் குதிரையின் ஓரத்தில் துரு தின்ற ஒரு புள்ளி, கடுகு அளவு. வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. என் கண்ணுக்குத்தான் உறுத்தியது. இந்தத் தடவை நீங்கள் கண்ணை மூடிக் கேட்கிறபோது ஒரு தூசிச் சத்தம்கூட இருக்கக்கூடாது, "இப்பப் பேசுது" என்று இல்லை, அதற்கு மேலே ஒரு வார்த்தை உங்களிடமிருந்து வாங்க வேண்டும். இதுதான் காரணம். இவ்வளவு அற்பம்.

என் தொழிலிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. பல்செட்டில் வெளியே தெரிகிற பக்கத்தைத்தான் மெருகு போடுவோம். ஈறில் உட்கார்கிற பக்கத்தைத் தொடமாட்டோம். தொட்டால் பிடிப்பு போய்விடும், வாயில் நிற்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிற சங்கதி. அதைச் சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்த நான், யார் கண்ணிலும் படாத ஒரு இரும்புக்குக் கண்ணாடி மெருகு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். "ஆச்சா மாப்ளே?" விளக்குக்கு அடியில் குதிரையைத் திருப்பிக் காட்டி, "உங்க மொகம் தெரியுதா பாருங்க" என்றேன்.

"தெரியிது. நல்லாத்தான் இருக்கேன். ஆனா இது உள்ளுக்குள்ள கெடக்குற சாமான், யாரு பாக்கப் போறா? குடுங்க, மாட்டிக்கிர்றேன்."

"ஒரு வாரம் மச்சான். இந்த ஓரத்துல ஒரு புள்ளி."

துண்டைத் தோளில் போடப் போய், அது என்னிடம் இருப்பது ஞாபகம் வந்து கையை இறக்கினீர்கள். "சரி, உங்க இஷ்டம்" என்று கிளம்பினீர்கள்.

கடைக்காரனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பீர்கள். பம்ப்செட் மெக்கானிக் இரண்டு நாள் தாமதம் செய்ததற்கு, அவன் வீட்டு வாசலில் போய் நின்று நீங்கள் போட்ட சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் தங்கச்சியைக் கொடுத்த வீட்டில் வாய் திறக்கமாட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை அவசரப்படுத்தியதில்லை, ஒரு பொருளைத் திருப்பிக் கேட்டதில்லை. அதற்கு மாப்பிள்ளை மரியாதை என்று பேர். நான் அதை ஒரு சவுகரியமாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு நீங்கள் எனக்குப் போன் செய்யவில்லை, உங்கள் தங்கச்சிக்குச் செய்தீர்கள். "அண்ணன் கேட்டுச்சு, மாப்ள ரொம்ப வேலையா இருக்காகளான்னு" என்று அவள் சோறு போடும்போது சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? "ஞாயித்துக்கெழமை நானே நேருல வர்றேன்னு சொல்லு" என்றேன். அந்த ஞாயிறு போனது. ஒரு டாக்டர் அவசரமாக எட்டு செட் கேட்டார். இன்னொரு ஞாயிறும் போனது.

ஐந்தாவது வாரம், ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. காட்டுமாடு இறங்கியிருக்கிறது. நீங்கள் ஒரு தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். காற்றில் தகரச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது, கிட்டப் போய்த் தட்டியிருக்கிறீர்கள். அந்தத் தென்னை வரிசை தூரம் அன்றைக்கு இல்லை.

கொம்பு குத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உங்களுக்கு நினைவு தெளிவாக இருந்தது. வாக்குமூலம் எழுத வந்தவர், "லைசென்ஸ் துப்பாக்கி இருக்காமே, வெடி போட்டு வெரட்டலாம்ல?" என்று கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். "அவசரத்துல எடுக்க மறந்துட்டேன் சார்" என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார். அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். கேசு என்ற சொல்தான் முதலில் மண்டையில் வந்தது. மறுநாள் காலையில் நீங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் பீரோவில் இருந்த துப்பாக்கியின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு, "காரியமெல்லாம் முடியட்டும், அப்பறம் ஒப்படைங்கம்மா" என்று போய்விட்டார். அதன் வயிறு காலி என்று யாரும் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் என்னிடம், "அப்பாவுக்கு மறதி வந்துருச்சு மாமா, நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்" என்றான். வயசாச்சுல்ல மருமகனே என்று நான் சொன்னேன். மச்சான், நான் அப்படிச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் தங்கச்சியும் வண்டியில் உங்கள் ஊர் கெங்குவார்பட்டிக்கு வந்தோம். பெரியகுளம் தாண்டி, தேவதானப்பட்டி தாண்டி, வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். சட்டைப் பையில் பூட்டு இருந்தது, கனமே தெரியவில்லை. அக்கா துப்பாக்கியை எடுத்து நடு ஹாலில் பாய் விரித்து வைத்துவிட்டு, காபி போட அடுப்படிக்குப் போனார்கள், அவளும் பின்னாலேயே போனாள். குழாயை மடக்கி வெளிச்சம் பார்த்தேன். ஒரு கண்தான் பார்த்தது. பூட்டை மாட்டினேன், பத்து நிமிசம்கூட ஆகவில்லை. தரையைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தேன். ஒரு சிக்கல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. இத்தனை வருசத்தில் நான் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இரும்பைப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

அக்கா காபியோடு வந்தார்கள். துப்பாக்கியைப் பார்த்தார்கள், உங்கள் படத்தைப் பார்த்தார்கள். "நல்லா மினுமினுன்னு தொடச்சிருக்கீக தம்பி. என்ன தொடச்சு என்ன? வேணுங்கிற நேரத்துல எடுக்கல. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுசன், தன் உசுரக் காப்பாத்துற சாமான மறந்துட்டுப் போயிருக்காரு. நான் பாக்குறவுககிட்டல்லாம் இதத்தான் சொல்லி அழுகுறேன். மறதிக்காரரக் கட்டிக்கிட்டு மோசம் போனேன்னு."

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. முன்கூட்டி நினைத்ததில்லை. "அக்கா, அவரு மறக்கல. துப்பாக்கி அன்னைக்கு வேலை செஞ்சிருக்காது. அதோட பூட்டு எங்கிட்ட இருந்துச்சு. அஞ்சு வாரமா." அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியைச் சொன்னேன். நான்காம் நாளைச் சொன்னேன். அடுப்படி வாசலில் உங்கள் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா உட்கார்ந்துவிட்டார்கள். "அப்ப அவுக மறக்கல" என்றார்கள். இல்லக்கா என்றேன். துப்பாக்கியைப் பார்த்தபடியே, "அன்னைக்கு விடியக்காலம் பீரோ தெறக்குற சத்தம் கேட்டுச்சு தம்பி. தெறந்துச்சு, மூடுச்சு. நான் ஏதோ தூக்கக் கலக்கம்னு இருந்துட்டேன். கைப்பழக்கத்துல தெறந்து பாத்துட்டுத்தான் போயிருக்காக" என்றார்கள்.

நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். நீதான் கொன்றாய் என்று சொல்வார்கள், காறித் துப்புவார்கள், போலீசுக்குப் போன் போடுவார்கள். அக்கா அது எதையும் சொல்லவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து, "அஞ்சு மாசமா என் வாயாலயே அவுகளத் திட்ட வச்சிட்டீகளே தம்பி" என்றார்கள். இந்த ஒரு கணக்கு மட்டும் என் கணக்கில் இல்லை மச்சான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தார்கள். பால் சொசைட்டிக்காரர், பம்ப்செட் மெக்கானிக், மேலத்தெரு சித்தி, மளிகைக்கடை அண்ணாச்சி, உங்கள் மகன், சம்பந்தி வீடு. "யார் யாருகிட்ட நான் அவுகளக் கொற சொன்னேனோ அத்தன பேருகிட்டயும் நீங்களே போயிச் சொல்லணும். போன்ல இல்ல, நேருல. எம் மகனுக்கு மட்டும் வேணா போன். ஸ்டேஷன்லயும் சொல்லணும், நானும் கூட வருவேன். பொய் எழுதி வச்ச காயிதத்துல அவுக மறதிக்காரரா இருக்க வேணாம்."

"சரிக்கா."

"அவுககிட்ட நானே சொல்லிக்கிர்றேன்" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். காபி ஆடை கட்டிக் கிடந்தது. திரும்பி வரும்போது உங்கள் தங்கச்சி வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேனி வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக உங்கள் மகனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "எந்தக் கெழமை குடுக்கறதா இருந்தீங்க மாமா?" ஞாயித்துக்கெழமை என்றேன். வெள்ளியிலிருந்து ஞாயிறு எத்தனை நாள் என்று அவனுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டான். அன்று மாலையே கெங்குவார்பட்டிக்கு வந்தேன். அதிலிருந்து தினமும் லேபை மூடிவிட்டு வருகிறேன். மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். சித்தி வாசல் கதவைச் சாத்தினாள். அண்ணாச்சி, "விடுங்க, வெதி" என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார், அதுதான் குடிக்க முடியாமல் போனது.

நாளை மறுநாள் ஸ்டேஷன். உங்கள் வாக்குமூலம் பொய் என்று நான்தான் போய்ச் சொல்லப்போகிறேன். எனக்காகச் சொன்ன பொய் அது. உடைப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேசு வந்தால் வரட்டும், அதைப் பற்றிப் பயம் இல்லை, தைரியமும் இல்லை.

பயம் வேறொன்றில் இருக்கிறது. 'அவரு மறக்கல, பூட்டு எங்கிட்ட இருந்துச்சு.' உங்கள் மகனிடம் சொன்னபோது இது தொண்டையில் சிக்கி, பாதியில் நின்று, இருமி, மறுபடி ஆரம்பித்துத்தான் வெளியே வந்தது. நேற்று ஒன்பதாவது ஆளிடம் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லை, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை ஸ்டேஷனிலாவது அது சிக்க வேண்டும் மச்சான்.